மானிட்டருக்குப் போட்ட மாலை

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து நன்றாக இருக்காது. ரகரம் றகரம், இரண்டு சுழி மூன்று சுழி, இவற்றோடு எனக்கு இன்றுவரை தகராறுதான். தொடக்கப்பள்ளியோடு படிப்பு முடிந்தவன். கம்ப்யூட்டரில் எழுதியிருந்தால் தப்பு வந்த இடத்தில் சிவப்புக் கோடு விழுந்திருக்கும், திருத்தியிருப்பேன். ஆனால் கீபோர்டைத் தொட எனக்கு இப்போது பிடிப்பதில்லை. அதனால் பேனா. பிழை இருக்கும் இடத்தில் நீங்களே ஒரு கோடு போட்டுக்கொண்டு மேலே படியுங்கள்.

போன வாரம் தேக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். தீபாவளி நெருங்கிவிட்டது, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் கால் வைக்க இடமில்லை. மனைவி சொன்ன முருங்கைக்காய், வெண்டைக்காய், பச்சை மிளகாய் எல்லாம் வாங்கிக்கொண்டு பஃபலோ ரோட்டில் பூக்கடைப் பக்கமாக நடந்தேன். சாமந்தியும் சம்பங்கியும் ஈரத்துணிக்குள் கலந்து கிடக்கும் வாசனை. பூ கட்டிக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்கி, நல்ல மனதோடுதான் கேட்டாள்.

"அண்ணே, மாலை வேணுமா? சாமிக்கா, போட்டோவுக்கா?"

கடையில் கேட்கும் சாதாரணக் கேள்வி. சாமிக்கு ஒரு நீளம், படத்துக்கு ஒரு நீளம். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. பதில் சொல்லாமல் விறுவிறுவென்று நடந்தேன். எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குள் இறங்கிய பிறகுதான் பச்சை மிளகாய்ப் பையைப் பூக்கடைப் பலகை மேலேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போகவில்லை. ஒரு பூக்காரப் பெண் மேல் இவ்வளவு கோபமா என்று நீங்கள் கேட்கலாம். அவள் மேல் இல்லை.

அந்த வாசனை எனக்குத் தனியாக வருவதில்லை. கூடவே, தூசி படிந்த கம்ப்யூட்டர் காற்றாடி சூடேறும் வாசனையும் வரும். ஜாலான் புசாரில் ஒரு இரும்புச் சாமான் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. மரப்படி. சாப்பாட்டுக் கடைகளுக்குக் கல்லா மெஷினும் அதற்கான புரோகிராமும் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி. முதலாளி லிம், வேட்டைக்குப் போகிறவர் மாதிரி எப்போதும் அரைக்கால் சட்டையில் இருப்பார். நான் சேர்ந்தது புரோகிராம் எழுத இல்லை. ரசீது அடிக்கும் பிரிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கடைகளில் மாட்டிவிட்டு வரும் ஆளாகச் சேர்ந்தேன். கூச்ச சுபாவம். கடைக்காரர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தாகத்தோடு திரும்புவேன்.

ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை எங்கள் வாடிக்கை. அங்கே சமையல் பெரியசாமி அண்ணன், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். முன்னால் ஆர்டர் எடுத்தால் அடுப்படியில் இருக்கும் பிரிண்டர் ஒரு சீட்டு அடித்துத் தரும், ஆங்கிலத்தில். நான் அதற்குப் பேப்பர் மாற்றிக்கொண்டிருந்த ஒரு மதியம், கடை முதலாளி உள்ளே வந்து அவரைக் கண்டபடி திட்டினார். மிளகாய் வேண்டாம் என்று சீட்டில் இருந்திருக்கிறது. இவர் மிளகாய் போட்டு அனுப்பிவிட்டார். சாப்பிட்டவர் வயிற்றுப்புண்காரர். படிக்காத முண்டம் என்று முதலாளி கத்தியது முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அவர் போன பிறகு பெரியசாமி அண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் படிக்காதவன் இல்ல தம்பி. பேப்பர் படிப்பேன், கடுதாசி எழுதுவேன். எனக்கு இது ஒண்ணுதான் தெரியாது. தமிழ்ல அடிச்சுக் குடுத்தா நான் ஏன் ஏச்சு வாங்கப்போறேன்?"

நான் போய் லிம்மிடம் சொன்னேன். வாக்கியத்துக்கு ஒரு லா போடும் அவருடைய சிங்கிலீஷையும் எனக்குத் தெரிந்த நாலு ஆங்கில வார்த்தையையும் வைத்து ஒரு மாதிரி புரிந்துகொள்வோம். உனக்குத் தமிழ் தெரியும்தானே, நீயே செய் என்றார். விளையாட்டு என்று நினைத்தேன். மறுநாள் ஒரு பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து என் பக்கம் தள்ளினார். பழைய சாமான் விற்கும் சுங்கை ரோடு திருட்டுச் சந்தையில், புரோகிராம் எழுதக் கற்றுத்தரும் சி பிளஸ் பிளஸ் புத்தகம் ஒன்று, அட்டை கிழிந்தது, வாங்கினேன். விற்ற கிழவர் அதைச் சமையல் புத்தகங்களோடு வைத்திருந்தார். பல நாள் எனக்கும் அது சமையல் புத்தகமாகவே இருந்தது, சட்டி மட்டும் இல்லை.

கம்பைலர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாம் எழுதும் புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருவது அது. மாற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு வரியாகப் பார்க்கும். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடும். கண்டிப்பான பேர்வழி. ஆனால் எழுதியது யார் என்று பார்க்காது. எதுவரை படித்தாய் என்று கேட்காது. மூன்றாம் வகுப்பில் ஒரு பரீட்சை வைத்து என்னை மெதுவாகப் படிக்கிற பிள்ளைகளின் பக்கம் உட்கார வைத்தார்களே, அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்ததுமே மனிதர்களுக்கு முடிவு தெரிந்துவிடும். கம்பைலருக்கு முகம் தெரியாது. அதனாலேயே அதைப் பிடித்துப்போனது.

என் ஆங்கிலம் முழுக்க அது கற்றுக்கொடுத்ததுதான். அதனால் என் ஆங்கிலத்தில் வணக்கமும் நலமும் கொஞ்சம் குறைவு. எதிர்பார்த்தது வரவில்லை, தெரியாத பெயர், இத்தோடு நிறுத்தப்பட்டது, இந்த மாதிரி வாக்கியங்கள் தாராளமாக வரும். பஸ்ஸில் யாராவது வழி கேட்டால் இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

பக்கத்து நாற்காலி நசீர். பரம்பரையாகத் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பம். இவன் மட்டும் பாலிடெக்னிக் படித்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டான். என் வயதுதான். என் திரையில் ஒரே ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதற்குப் பக்கம் பக்கமாக எரர் ஓடிக்கொண்டிருக்கும், எனக்கு வேர்த்துவிடும். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "மொத எரர மட்டும் பாரு மச்சான், மத்ததெல்லாம் ஒப்பாரி" என்பான். அதுவும் அது சொல்லும் வரியில் தப்பு இருக்காது, அதற்கு மேல் வரியில் இருக்கும். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று.

ஒருநாள் புரோகிராமில் நான் எழுதிய ஒரு பெயரைக் காட்டி, இது இந்த ஸ்கோப்பில் அறிவிக்கப்படவில்லை என்று எரர் வந்தது. ஸ்கோப் என்றால் என்ன என்று நசீரைக் கேட்டேன்.

"வீடு மாதிரி மச்சான். இந்த அடைப்புக்குறி தொறக்குதுல்ல, அது வாசக்கதவு. மூடுற எடம் பின்கதவு. உள்ள உள்ளவனுக்கு உள்ள சொன்ன பேருதான் தெரியும். ஒன்னோடத நீ வெளிய வச்சிருக்கே."

"ரெண்டு வரி தள்ளித்தானே இருக்கு?"

"இருந்தா பத்தாது லா. சொல்லியிருக்கணும்."

அடைப்புக்குறிக்குள் அந்தப் பெயரை அறிவித்தேன். எரர் போய்விட்டது. அவ்வளவு சுலபம். அன்று அப்படித்தான் நினைத்தேன்.

தமிழ்ச் சீட்டு ஒருவழியாக அடிக்க ஆரம்பித்தது. தமிழ் எழுத்தைக் கம்ப்யூட்டர் ஒரு வரிசையில் வைத்திருக்கும், அச்சடிக்க வேறு வரிசை வேண்டும். முதலில் எழுத்து, பிறகு கொம்பு என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. முதல் சீட்டில் கோழி வறுவல் வந்தபோது இரட்டைக்கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நின்றது. பெரியசாமி அண்ணன் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கோழிக்கு ஏது தம்பி கொம்பு? அதுவும் தப்பான எடத்துல மொளச்சிருக்கு" என்றார். அடுப்படியே சிரித்தது. நான் திரும்பி வந்து கொம்பைச் சரியான இடத்தில் நட்டேன். அதற்குப் பிறகு அவர் ஏச்சு வாங்கியதாக நான் கேள்விப்படவில்லை. மற்றக் கடைகளிலும் தமிழ்ச் சீட்டுக் கேட்டார்கள். சிராங்கூன் ரோட்டின் இரண்டு பக்கத்து அடுப்படிகளிலும் என் சீட்டுத்தான் கம்பியில் குத்தித் தொங்கியது. யாருக்கும் என் பெயர் தெரியாது. தெரிய வேண்டியதில்லை, கொம்பு சரியாக இருந்தால் போதும்.

மாலைக்கு வருகிறேன். அன்றாடம் சாயங்காலம் எல்லோரும் எழுதியதை ஒரே மெஷினில் சேர்த்து மொத்தமாகக் கம்பைல் செய்வோம். அதற்குப் பில்ட் என்று பெயர். அது ஓடும் நேரத்தில் கீழே காப்பிக்கடைக்குப் போய் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ குடித்து, ரொட்டி பராட்டா தின்று, அரசியல் பேசிவிட்டு வரலாம், அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஒருவன் எழுதியது தப்பாக இருந்தால் பில்ட் உடையும், எல்லோருக்கும் வேலை நிற்கும். என் மெஷினில் ஓடியதே என்று அவன் சொல்வான். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். மஞ்சளாக வார்னிங் வந்தபோது பார்க்கவில்லையா என்றால், வார்னிங்தானே லா, எரர் இல்லையே என்பான். அதையும் எல்லோரும் சொல்வார்கள்.

அப்படி ஒருநாள் நசீர் பில்டை உடைத்தான். அன்றைக்குப் பார்த்து ஒரு பூக்கடையில் மெஷின் மாட்டிவிட்டு வந்த லிம்முக்கு அந்தக் கடைக்காரர் பெரிய மாலை போட்டு அனுப்பியிருந்தார். மாலையும் கழுத்துமாக மாடி ஏறி வந்தவர், விஷயத்தைக் கேட்டதும் அதைக் கழற்றி நசீரின் மானிட்டருக்குப் போட்டார். அந்தக் காலத்து மானிட்டர், சதுரக் கண்ணாடி. மாலை விழுந்ததும் அது செத்தவர் படம் மாதிரியே ஆகிவிட்டது. எனக்குப் பகீரென்றது. நசீர் இரண்டு கையையும் ஏந்தி, "அப்ப என் பில்டு மவுத்தாயிருச்சா?" என்றான். லிம்முக்கு மவுத் என்றால் மரணம் என்று விளக்கிச் சொன்னதும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பூ வாடிய பிறகு தீபாவளிக் கடையில் ஒரு பிளாஸ்டிக் மாலை வாங்கி ஆணியில் மாட்டினோம். பில்டை உடைத்தவன் மானிட்டருக்கு அது போகும். அடுத்தவன் உடைக்கும்வரை அங்கேயே இருக்கும். என் மானிட்டரில் அது அடிக்கடி தங்கியிருக்கிறது. ஆரம்பத்தில் பயமாக இருக்கும். கையில் ஒரு சான்றிதழ்கூட இல்லாதவன், இதுதான் சாக்கு என்று அனுப்பிவிடுவார்களோ என்று. லிம் அப்படி நடந்துகொண்டதே இல்லை. ஒருமுறை அவரே உடைத்தார். மாலையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, அரைக்கால் சட்டையோடு காப்பிக்கடைக்கு இறங்கி, பால் இல்லாத தே ஓ ஒன்று சொல்லி உட்கார்ந்தார். வேலையில் தப்பு வரும், மாலை போடுவோம், சிரிப்போம், சரிசெய்வோம். இதற்கு மேல் ஒரு ஆபீசுக்கு என்ன வேண்டும் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் பிறகு வந்தார்கள்.

லிம்முக்கு வயதாகி, பிள்ளைகள் இருக்கும் நாட்டுக்குப் போகும்போது கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்றுக்கு விற்றார். பெயர் எதற்கு? நாங்கள் மேற்கே ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்கு மாறினோம். ஜன்னல் திறக்காது. நசீர் பிளாஸ்டிக் மாலையைப் பெட்டியில் போட்டு எடுத்துவந்து தன் மேசை ஓரத்தில் தொங்கவிட்டான். அங்கே பில்ட் உடைந்தால் யாருக்கும் தெரியாது. எங்கேயோ தூரத்து மெஷின் உடைத்தவனுக்கு மட்டும் செய்தி அனுப்பும். அவன் ரகசியமாகத் திருத்திக்கொள்வான். யாரும் கீழே போவதில்லை. என்னை எல்லோரும் அங்கிள் என்று அழைத்தார்கள். அந்த வார்த்தையில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு 'ஓரமாக உட்கார்' என்பது, எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும். இன்றைக்கும் எம்ஆர்டியில் யாராவது அங்கிள் என்றால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

பழைய புரோகிராமைத் தூக்கிவிட்டு, எல்லாவற்றையும் புதுக் கம்ப்யூட்டர் பாஷையில் திரும்ப எழுதப்போகிறோம் என்றார்கள். யாரும் கைவிடப்பட மாட்டார்கள் என்று மேடையில் சொன்னவர் கிரேஸ், வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மனிதவள அதிகாரி. நான் நம்பினேன். ஆங் மோ கியோவில் என் வீட்டில் விடிகாலையில் எழுந்து அந்தப் புது பாஷையைப் படித்தேன். அதன் கம்பைலர் பழையதைவிடக் கண்டிப்பு. ஒரு பொருளை ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு நீ ஏன் திரும்ப எடுக்கிறாய் என்றெல்லாம் கேட்கும். முதல் நாட்களில் அழாத குறை. ஆனால் அது திட்டி முடித்ததும் கீழே, உதவி என்று போட்டு, இப்படி எழுதிப் பாரேன் என்று ஒரு வழி காட்டும். ஆங்கிலத்தில் என்னிடம் அவ்வளவு தன்மையாக அதற்கு முன் யாரும் பேசியதில்லை. தமிழ்ச் சீட்டு முழுவதையும் அதில் எழுதி முடித்தேன். கோழி, கொத்து, தோசை, எல்லாக் கொம்பும் அதனதன் இடத்தில். கம்பைல் செய்தால் ஒரு வார்னிங்கூட இல்லை.

திட்டத்துக்குத் தலைமை அருண் என்ற இளைஞர். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, கெட்டிக்காரர். அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவதற்கு எனக்கு எவ்வளவு தைரியம் தேவைப்பட்டது என்று சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு தடவை அவர் மேசைவரை போய், தண்ணீர் பிடிக்கப் போகிறவன் மாதிரித் திரும்பி வந்தேன்.

அவர் நன்றாகத்தான் பார்த்தார். "செம்ம க்ளீன் அங்கிள்" என்றார்.

"அப்ப சேத்துக்கலாமா தம்பி?"

"அது வந்து... தமிழ் ஸ்லிப் ப்ராஜெக்ட் ஸ்கோப்ல இல்ல அங்கிள். கிச்சன்ல ஸ்க்ரீன் வச்சிருவோம். இங்கிலீஷ், கூட ஐட்டம் நம்பர். எவ்ரிபடி கேன் மேனேஜ் லா."

"சமைக்கிறவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே."

"எத்தன பேரு அங்கிள் அப்படி? கத்துக்குவாங்க."

ஸ்கோப்பில் இல்லை. எனக்கு அந்த வாக்கியம் தெரியும். அதைத்தான் முதன்முதலில் கற்றேன். புரோகிராமில் என்றால் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதிச் சரிசெய்துவிடுவேன். இங்கே அடைப்புக்குறியைப் போட்டது யார், எங்கே போய்ச் சொல்வது? என் தாய்மொழி பேசுகிறவர் வாயிலிருந்து அது வந்ததுதான் இன்னும் நெஞ்சில் கிடந்து எரிகிறது. கத்துக்குவாங்களாம். பெரியசாமி அண்ணன் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டுதானே வந்தார்? நீங்கள் ஒரு வரி சேர்த்துக்கொள்ள மாட்டீர்கள், அவர் ஒரு பாஷை கற்றுக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் நான் அருணிடம் சொல்லவில்லை. சரி தம்பி என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச நாளில் எங்களுக்கும் ஸ்கோப் முடிந்தது. நசீர், நான், கணக்குப் பிரிவில் இருந்த மேடம் ஓங். சான்றிதழ் இல்லாததால் என்னை வேலையிலிருந்து அனுப்பினார்கள் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. சான்றிதழ் இருந்த நசீரும் போனான். கிரேஸ் எங்கள் மூவரையும் தனித்தனியாக அழைத்துத் தலையைச் சாய்த்துப் பேசினார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் தொந்தரவு, கெட்டவராக இருந்தால் கோபப்படுவது சுலபம்.

பிரிவு உபசாரத்துக்கு ஏதாவது எங்கள் பண்பாட்டுப்படி செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. முன்னொரு தடவை எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு அந்த வாழையிலைக் கடைக்குப் போயிருந்தோம். கல்லாவுக்கு மேலே கடையை ஆரம்பித்தவரின் படம், பெரிய மாலையோடு. இது யார் என்று கிரேஸ் கேட்க, பரிமாறியவர், எங்கள் ஸ்தாபகர் மேடம், ரொம்ப மரியாதை என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர் இறந்துபோனார் என்று சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? நசீர் மேசையில் தொங்கிய பிளாஸ்டிக் மாலையையும் கிரேஸ் பார்த்திருக்கிறார். இரண்டையும் கூட்டிக் கணக்குப் போட்டிருக்கிறார்.

கடைசி நாள் மத்தியானம் கூட்ட அறைக்குள் போனோம். கதவைத் திறந்ததுமே சாமந்தி வாசனை. நீள மேசையில் வெள்ளைத் துணி விரித்து, எங்கள் மூன்று பேர் படத்தையும் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு, பஃபலோ ரோட்டு அசல் மாலை போட்டு வைத்திருந்தார்கள். முன்னால் சின்னச் சின்ன மின்சார மெழுகுவத்தி. ஆபீஸ் அடையாள அட்டையிலிருந்து எடுத்த படம், நான் பயந்துபோய் முறைக்கும் படம். அதன் கீழே வேலைக்குச் சேர்ந்த வருடம், நடுவில் ஒரு கோடு, விலகும் வருடம்.

தோற்றம், மறைவு. நம் ஊர்ப் பத்திரிகையில் கண்ணீர் அஞ்சலிக்குப் போடுவார்களே, அதே மாதிரி.

மேடம் ஓங் தன் படத்தைப் பார்த்ததும், அபசகுனத்தை விரட்டச் சீனர்கள் சொல்லும் "சோய், சோய்" என்ற வார்த்தையைச் சொல்லிக்கொண்டே அதைக் கவிழ்த்து வைத்தார். கிரேஸ் அவர் உணர்ச்சிவசப்படுகிறார் என்று நினைத்து ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். நான் அருணைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும். அவர் வீட்டிலும் பெரியவர் ஒருவர் படம் மாலையோடு இருக்கும்தானே. வாயைத் திறந்தார், மூடினார், போனைப் பார்க்கத் தொடங்கினார். கிரேஸுக்குத் தெரியாது, மன்னித்துவிட்டேன். தெரிந்தவர் ஏன் வாயை மூடிக்கொண்டார்? அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

நசீர் என் காதருகே குனிந்தான். "மச்சான், நாம மவுத்தாயிட்டோம் போல. ஒருத்தன்கூட சொல்லலையே."

ஜாலான் புசாராக இருந்தால் சிரித்திருப்பேன். படங்களுக்குப் பின்னால் நின்று சிரிக்கச் சொன்னார்கள். கேமரா மின்னியது. எல்லோரும் கை தட்டினார்கள். என் வாயில் வந்தது நன்றி என்ற ஒரு சொல்தான்.

ஆனால் நசீர் சும்மா போகவில்லை. பெட்டியைக் கட்டிவிட்டு, தன் பிளாஸ்டிக் மாலையைக் கழற்றி எடுத்துக்கொண்டு அருணின் இடத்துக்குப் போனான். அவர் எதிரிலேயே, நிதானமாக, அந்த மெல்லிய பெரிய மானிட்டருக்குப் போட்டான். சரிந்து விழப்போனதை மறுபடி சரியாக மாட்டிவிட்டான்.

"ஒங்க பில்டு ஒடஞ்சிருச்சு தம்பி. ஒங்களுக்கு இன்னும் தெரியல."

நாங்கள் லிஃப்டில் இறங்கினோம். மாலை போட்ட என் படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஆங் மோ கியோ வரைக்கும் ரயிலில் வந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு தமிழ் அம்மா மாலையைப் பார்த்துவிட்டு, யாரு தம்பி தவறிட்டாங்க என்று மெதுவாகக் கேட்டார். என்ன சொல்வது? வேண்டியவங்கதான் என்றேன்.

மனைவி அந்தப் படத்தைச் சுவரில் மாட்ட விடமாட்டாள், குப்பையிலும் போட விடமாட்டாள். உயிரோடு இருக்கிற மனிதன் படத்தை யாராவது தூக்கிப் போடுவார்களா என்பாள். மாலையை மட்டும் அன்றே பிய்த்துச் செடிக்குப் போட்டாள். படம் அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கிறது. நசீர் இப்போது சுவா சூ காங்கில் இருக்கிறான், வாடகைக் கார் ஓட்டுகிறான். ஃபிரேம் நல்ல ஃபிரேம் மச்சான், வீணாக்காதே என்று போனில் சொன்னான். அவன் தன் ஃபிரேமில் மகளின் பட்டமளிப்புப் படத்தை வைத்துவிட்டானாம்.

பூக்கடையில் முகம் சூடான அன்று நான் அதற்கு முன்பே ஒரு இடத்துக்குப் போயிருந்தேன், அதை இன்னும் சொல்லவில்லை. வாழையிலைக் கடையில் தே குடிக்க உட்கார்ந்தேன். சீட்டடிக்கும் சத்தம் இல்லை, அடுப்படியில் டிங் என்று ஒரு மணிதான் கேட்கிறது. ஜன்னல் வழியாகப் பெரியசாமி அண்ணன் தெரிந்தார். முடி முழுக்க வெள்ளை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஸ்க்ரீனைப் பார்த்தார். "என்ன எழுதியிருக்கு, யாராச்சும் படிங்கப்பா" என்றார். எல்லோருக்கும் அவசரம். யாரும் வரவில்லை. அவர் நம்பரை மட்டும் பார்த்துச் சமைத்து அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் தட்டு திரும்பி வந்தது. மிளகாய். ஸ்தாபகரின் மகன் உள்ளே போனார். வார்த்தைகூட மாறவில்லை, அப்பா சொன்ன அதே வார்த்தை. பெரியசாமி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் தேநீரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, போய்ப் பேசக்கூடக் கூசி, மார்க்கெட்டுக்கு நடந்தேன். பிறகுதான் மிளகாயும் பூக்கடையும்.

நசீர் அன்றைக்குச் சும்மா சொன்னான் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையாகவே பில்ட் உடைந்துதான் இருக்கிறது. உடைந்தால் எல்லோருக்கும் தெரியும்படி தொங்கவிட ஒரு ஆணிதான் இப்போது எங்கேயும் இல்லை. ஜாலான் புசார் மாடி சின்ன ஹோட்டலாகிவிட்டது, மரப்படி இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு. கீழே இருந்த காப்பிக்கடை போனது. சுங்கை ரோடு சந்தையும் போனது. கம்பியில் குத்திய தமிழ்ச் சீட்டு ஒன்றுகூட எங்கும் மிஞ்சவில்லை. வெயிலில் எழுத்து மறைந்துபோகும் தாள் அது, வைத்திருந்தாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். நான் விடிகாலையில் எழுதிய புதுச் சீட்டு மட்டும் அந்தக் கட்டடத்தில் ஏதோ ஒரு மெஷினுக்குள், ஒரு வார்னிங்கும் இல்லாமல், யாரும் கூப்பிடாமல் கிடக்கும். ஒரு வரி எழுதிக் கூப்பிட்டால் போதும், நாளைக்கே ஓடும். கையெழுத்து இந்த இடத்தில் இன்னும் மோசமாக இருந்தால் அதற்குக் காரணம் படிப்பு இல்லை.

தீபாவளி முடிந்ததும், கூட்டம் இல்லாத ஒரு பிற்பகல் அந்த அடுப்படிக்குப் போய்ப் பெரியசாமி அண்ணனோடு ஸ்க்ரீன் முன்னால் உட்காரப்போகிறேன். மிளகாய் வேண்டாம் என்பது ஆங்கிலத்தில் எப்படி இருக்கும் என்று முதலில் அந்த ஒன்றைக் காட்டிக்கொடுக்கலாம். கடை முதலாளி வந்தால் அவரிடமும் பேசுவேன். என்ன பேசுவேன் என்று இன்னும் தெரியவில்லை. இருந்தால் போதாது, சொல்லியிருக்க வேண்டும் என்றான் நசீர். எழுதிப் பார்த்துக்கொண்டால் பேச வரும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இன்று காலை அலமாரிக்குப் பின்னாலிருந்து படத்தை எடுத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, கீழே இருந்த அந்த இரண்டு வருடத்தையும் கோட்டையும் கத்திரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டேன். படத்துக்கு அடியில் இப்போது வெறும் வெள்ளை. எழுதி முடித்த தேதியை இங்கே போடுகிறேன். இதற்குப் பக்கத்தில் கோடு கிடையாது.

அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை